நூற்றில் நாற்பத்துநான்கு

ஓர் எலுமிச்சம்பழம் இருந்தால், இந்த அறையின் சுவர் எதனால் ஆனது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே காட்டிவிடுவேன். வெள்ளை பூசிய இடத்தில் நாலு சொட்டுச் சாறு விட்டால் மெல்ல நுரைக்கும். முட்டை ஓட்டில் விட்டாலும் நுரைக்கும். குற்றாலத்துக் கடைகளில் சீசனுக்கு விற்கிற சோழியிலும் சங்கிலும் விட்டாலும் அப்படித்தான். பார்வைக்கு வேறு வேறு, உள்ளே எல்லாம் கால்சியம் கார்பனேட். தென்காசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு வருடமாக விஞ்ஞான ஆசிரியராக இருக்கிறேன். வருடா வருடம் ஜூலையில் பிள்ளைகளுக்கு முதலில் செய்து காட்டுவது இதைத்தான்.

என் பெயர் பால்வண்ணநாதன், வயது நாற்பத்தொன்று. மாஜிஸ்ட்ரேட் ஐயா எனக்குச் சொல்ல வேண்டியதை மூன்று முறை சொல்லிவிட்டார்கள். நான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, ஒப்புக்கொண்டால் அது எனக்கு எதிராகவே நிற்கும், யோசிக்க ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எடுத்துக்கொண்டேன். நான் சொல்லச் சொல்ல குமாஸ்தா எழுதுவதாக ஏற்பாடு. டாலமைட் என்று நான் சொன்னதும், "அது எந்த ஊரு ஸார்?" என்று கேட்டார். அப்போதே தாளை நான் வாங்கிக்கொண்டேன்.

டாலமைட்டும் ஒரு கார்பனேட்தான். கால்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்திருக்கும். சாதாரணச் சுண்ணாம்புக்கல்லில் அமிலம் பட்டால் உடனே பொங்கும். இது பொங்காது. தூளாக்க வேண்டும், சூடாக்க வேண்டும், அப்புறம்தான் நுரை வரும். அவசரக்காரன் அதை வேறு ஏதோ கல் என்று தூக்கிப் போட்டுவிடுவான்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த 1961ஆம் வருடம் ஆகஸ்டு எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை பிற்பகல், இலத்தூருக்கும் அச்சன்புதூருக்கும் நடுவில் இருக்கிற குற்றாலிங்கத்தின் சுண்ணாம்புக் காளவாயில், ரெபேக்காள் என்கிற கல் உடைக்கும் பெண் இறந்துபோனாள். சுடலைமாடன் அடித்துவிட்டான் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். காய்ச்சல் என்று தாளில் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் தவறு. தவறைத் திருத்துவது என் தொழில்.

காளவாயில் சுக்கான்கல் என்கிற சுண்ணாம்புக்கல்லையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கி எரிப்பார்கள். சுத்தமான கல் நூறு ராத்தல் போட்டால், வெளியே வருகிற சுட்ட சுண்ணாம்பு ஐம்பத்தாறு ராத்தல்தான். மீதி நாற்பத்துநான்கு எங்கே? வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் கூரையைப் பார்ப்பார்கள். குற்றாலிங்கத்திடமும் கேட்டிருக்கிறேன். "எரிஞ்சு போயிட்டுவே, வேற எங்க போவும்?" என்றார். கல் எரியாது. அந்த நாற்பத்துநான்கு பங்கும் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். காற்று வீசினால் கலைந்து போகும். வீசாத நாளில் தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கும். விளக்கை இறக்கினால் அணைந்துவிடும். மனிதனை இறக்கினாலும் அதேதான்.

குற்றாலிங்கத்தின் காளவாயை ஒட்டிக் கிழக்கே ஒரு குழி இருக்கிறது. இடுப்பளவு ஆழம். மூன்று பக்கம் கல்கட்டு, நாலாவது பக்கம் காளவாயின் சுவர், மேலே தகரம். சாரலில் நனைந்து நடுங்குகிறவர்கள் அதில் இறங்கி, வெதுவெதுப்பான சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்வார்கள். பெண்கள் கைக்குழந்தைகளைத் துணி விரித்து அங்கேதான் கிடத்துவார்கள். சூட்டுக்குழி என்று அதற்குப் பெயர். மேற்கே கணவாயிலிருந்து காற்று அடிக்கிற வரைக்கும் அதில் ஒன்றும் ஆகாது. ஆனால் சீசனில் ஐந்தோ ஆறோ நாட்கள் காற்று அப்படியே நின்றுபோகும். மேகம் தாழ்ந்துவிடும், சாரல் மட்டும் நூல் நூலாக இறங்கும். அந்த நாட்களில் அது வேறு குழி.

சென்ற வருடம் ஜூலை இருபத்துமூன்றாம் தேதி, சனிக்கிழமை, அப்படி ஒரு நாள். என் மகள் வள்ளித்தாய்க்கு அப்போது ஏழு வயது. எங்களுக்கு அவள் ஒருத்திதான். காலையில் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் குளிக்க வைத்தேன். திரும்புகிற வழியில் வகுப்புக்குக் கல் எடுக்கலாம் என்று காளவாய்க்குக் குதிரைவண்டியைத் திருப்பினேன். ஈரத்தலை, மேலே சாரல், பிள்ளைக்கு நடுக்கம் கண்டுவிட்டது. நான் கல் குவியலில் இருந்தேன். வேலையாட்கள் யாரோ சூட்டுக்காகப் பிள்ளையைக் குழியில் கிடத்தியிருக்கிறார்கள்.

அன்றைக்கு எனக்குக் கண்ணாடிபோல ஒரு கால்சைட் கிடைத்தது. எழுத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரிகிற ரகம். இருபது வருடமாகத் தேடிய கல். பையிலிருந்த காகிதத்தில் அவள் பெயரை எழுதி, கல்லை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு வள்ளித்தாய் தெரிந்தது. அவளிடம் காட்டலாம் என்று எழுந்தபோது, ரெபேக்காள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு குழியிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். பிள்ளையின் உடம்பு வெதுவெதுவென்றுதான் இருந்தது. நான் வெகுநேரம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி முப்பிடாதியம்மாள் அதிகம் பேசாதவள். பிள்ளை போன பதினாறாம் நாள் என்னைக் கேட்டாள்.

"பிள்ளைய அங்கன யாரு கெடத்துனா?"

"குற்றாலிங்கத்தோட ஆளுக" என்றேன்.

"நீங்க எங்கன இருந்தீக?"

"கல்லு பாத்துட்டு இருந்தேன்."

மறுநாள் சோறு போடும்போது திரும்பக் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். ஒரே கேள்வி, ஒரே குரல். வெற்றிலைச் செல்லத்தில் இருந்த சுண்ணாம்பு டப்பியைத் தெருவில் எறிந்தாள். தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது வாசலில் மறித்து நின்று, "கெடத்துனவன் ஜெயிலுக்குப் போற அன்னைக்குத்தான் இந்த வீட்டுக்கு வெள்ளை" என்று திருப்பி அனுப்பினாள். என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவுக. உங்களால முடியாதா?" என்றாள். முடியும் என்று சத்தியம் செய்தேன். நான் முடித்துக் காட்டாவிட்டால் அவள் என் முகத்தைப் பார்த்து இன்னொரு வருடம் இருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளும் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் குற்றாலிங்கம் குற்றவாளி என்று ஆகியே தீர வேண்டும்.

குற்றாலிங்கம் கெட்டவர் இல்லை. பிள்ளை காரியத்துக்கு வந்து, திண்டாடிப்போய் நின்றார். "மாடன் குறும்புவே. நம்ம கையில என்ன இருக்கு?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நூற்றில் நாற்பத்துநான்கு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டக்கூடிய ஒன்றை, ஒரு சாமியின் தலையில் கட்டிவிட்டு அவர் வெற்றிலை போடப் போனார்.

மேலிடத்துக்கு எட்டு மனு எழுதினேன். வாயுவின் எடை, குழியின் அளவு, எல்லாம் படம் போட்டு விளக்கினேன். இந்த ஜூன் மாதம் திருநெல்வேலியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்குப் பார்த்து வேட்டி நிற்காத காற்று. குழிக்குள் விளக்கை இறக்கினேன், ஆடாமல் எரிந்தது. "கல்யாண வீட்டு விளக்கு மாதிரில்லா எரியுது, வாத்தியாரே" என்று சிரித்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். சிரிக்காதவள் ரெபேக்காள் ஒருத்திதான்.

ரெபேக்காளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாவூர்சத்திரம் பக்கத்திலிருந்து வந்தவள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் செத்துப் பல வருடம், பிள்ளை இல்லை. காளவாயில் இருபது பேர் வேலை செய்கிறார்கள். நான் சொன்ன வாயுக் கதையை அக்கறையாகக் கேட்டுக்கொண்டவள் அவள் மட்டும். வள்ளித்தாய் போன மறு வாரம் அவளுக்கு ஓர் அரிக்கேன் விளக்கும் கயிறும் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் விளக்கைக் குழிக்குள் இறக்கிப் பார்ப்பாள். எரிந்தால் சரி. அணைந்தால் ஒரு கருவேல முள்ளை வெட்டிக் குழிவாயில் போட்டுவிட்டு, பக்கத்தில் வருகிற பிள்ளைக்காரிகளை எல்லாம் விரட்டுவாள். "ஏட்டி, ஸார் சொல்லியிருக்காக, போ அங்கிட்டு" என்பாள். பதினான்கு வருடத்தில் நான் சொன்னதை இத்தனை ஒழுங்காகச் செய்த மாணவர் எனக்குக் கிடையாது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நான் அதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். அவள் விளக்கு இறக்குகிறவரை அந்தக் குழியில் யாரும் சாக வழியில்லை. யாரும் சாகாத குழியை யார் மூடுவார்கள்? ஒரே ஒரு பிள்ளை செத்தது, அதுவும் மாடன் கணக்கில் போய்விட்டது. என் வழக்கை அவள்தான் தினமும் காலையில் கெடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரியாது, பாவம்.

ஒன்பதாவது மனுவுக்குப் பிறகு, ஆகஸ்டு எட்டாம் தேதி மூன்று மணிக்கு அதே அதிகாரி மறுபடி வருவார் என்று தபால் வந்தது. இதுவே கடைசி முறை என்றும் எழுதியிருந்தார்கள். முப்பிடாதியிடம் காட்டினேன். முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுலயும் ஒண்ணும் நடக்கலன்னா நான் எங்க ஊருக்குப் போயிருதேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விளக்கு காற்றுக்குத் தக்கபடி எரியும், அணையும். ஓர் உடல் அப்படி இல்லை. அதிகாரி வருகிற நேரத்தில் குழிக்குள் ஓர் உடல் இருந்தால், காற்று அடித்தாலும் அவர் சிரிக்க முடியாது. ஓர் உயிர் போய், இனிமேல் போகவிருக்கும் பல உயிர் நிற்கும். இதை நான் பல நாள் திருப்பித் திருப்பி யோசித்தேன். தர்க்கத்தில் எங்கும் ஓட்டை தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

எட்டாம் தேதி காலையில் ஓர் இலைகூட அசையவில்லை. சாரல் மட்டும் இறங்கியது. பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை மணிக்குக் காளவாய்க்குப் போனேன். அதிகாரி வருகிறார் என்று மற்றவர்கள் முன்பக்கம் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ரெபேக்காள் மட்டும் கல் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறைக்காய்ச்சல். பல் அடித்துக்கொண்டது.

"காலைல விளக்கு அமந்துட்டு ஸார். முள்ளு போட்டிருக்கேன்" என்றாள்.

"இரி, இப்ப எப்படின்னு பாக்கேன்."

அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து விளக்கை இறக்கினேன். முழங்கால் ஆழத்துக்குப் போகும்போதே சுடர் சிறுத்து, புகைந்து, அணைந்தது. மேலே எடுத்தேன். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தீப்பெட்டியைத் திறந்தேன். நாலு குச்சி இருந்தது, எல்லாம் ஈரம் ஏறியது. முதல் இரண்டும் பற்றவில்லை. மூன்றாவது பற்றியது. திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டு, எரிகிற விளக்கை அவளிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"நல்லா எரியுது. போய்ச் சூட்டுல சாஞ்சுக்கோ. ஆபீசர் வந்தா எழுப்புதேன்."

அவள் விளக்கைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீங்க பாத்துட்டீகள்லா, அப்பச் சரி ஸார்" என்றாள். எழுந்து போய், முள்ளை அவளே எடுத்து, யார் காலிலும் குத்திவிடாதபடி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கினாள்.

நான் கல் குவியலில் உட்கார்ந்துகொண்டேன். ஒருமுறை இருமினாள். தகரத்தில் சாரல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பதற்றமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எழுந்து போகவில்லை. நாலாவது குச்சியைப் பற்றவைத்துப் பார்த்தேன், பற்றியது. அணைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்கு அதிகாரி வரவில்லை. குற்றாலத்துக்குப் போனவர் ஐந்தருவியில் குளித்துவிட்டு, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கிவிட்டு ஐந்தரைக்கு வந்தார். நாலு மணிக்கே காற்று எழுந்துவிட்டது. குழிக்குள் விளக்கு அழகாக எரிந்தது. அதற்குள் ரெபேக்காளை யாரோ பார்த்து, மேலே எடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். காய்ச்சல்காரி என்று எல்லோருக்கும் தெரியும். அதிகாரி தலையைத் துவட்டிக்கொண்டே காய்ச்சல் என்று எழுதினார். குற்றாலிங்கம், "ரெண்டு உசிரு போயிட்டு. வர்ற வெள்ளிக்கு மாடனுக்குக் கெடா வெட்டிருவோம்" என்றார். வெட்டினார்கள். என் வீட்டுக்கும் கறி கொடுத்து அனுப்பினார். காளவாய் ஒரு நாள்கூட அணையவில்லை.

ஐயா, நான் அன்றைக்கு இலத்தூர் ரோட்டில் சத்தம் போட்டு அழுதேன். ஒரு பெண்ணைக் கொன்றும், நான் படித்த ஒரு வரியைக்கூட இவர்கள் தலையில் ஏற்ற முடியவில்லை. முப்பிடாதி பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் இந்த வழி தெரிந்தது. கொலை என்று நீங்கள் எழுதினால், எதைக்கொண்டு கொலை என்றும் எழுதியாக வேண்டும். கத்தி இல்லை, கயிறு இல்லை, விஷம் இல்லை. கரியமில வாயு என்றுதான் எழுத வேண்டும். குற்றாலிங்கத்தின் காளவாயில் உற்பத்தியாகி, அவருடைய குழியில் தேங்கியது என்று எழுத வேண்டும். சர்க்கார் தாளில் அது ஒருமுறை ஏறிவிட்டால், வள்ளித்தாய் எதனால் செத்தாள் என்பதும் தானே ஏறிவிடும். குற்றாலிங்கத்தைப் பிடிப்பார்கள். அதற்காகத்தான் நானாகவே நடந்து வந்து போலீஸ் ஸ்டேஷனில் ஏறினேன். என்னைத் தூக்கில் போடுவதைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். இருபது பேர் வேலை செய்கிற இடத்தில் ஏன் ரெபேக்காள் என்று. காய்ச்சலில் இருந்தாள், பிள்ளைகுட்டி இல்லாதவள், நான் சொன்னால் நம்புவாள் என்றேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். ஆனால் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

இன்று காலையில் நான் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். ஓர் இடத்தில் பிழை இருக்கிறது. பரீட்சைத் தாளாக இருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். வேலையாட்கள் யாரோ கிடத்தியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறேனே, அந்த வரி. அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். வேலையாட்கள் எல்லாம் முன்பக்கம் போயிருந்தார்கள். பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஈரப் பாவாடையைக் கழற்றி, என் துண்டில் சுற்றி, குழிக்குள் இறங்கி, சுவரோடு சேர்த்துக் கிடத்தினேன். "அப்பா கல்லு பாத்துட்டு வாரேன், கண்ண மூடிக்கோ" என்றேன். காற்று இல்லை என்பது எனக்குத் தெரியும். நூற்றில் நாற்பத்துநான்கு என்பதும் தெரியும். ஒன்று ஆகாயத்தில் இருந்தது, மற்றது கரும்பலகையில் இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். முன்பக்கம் போகாமல் கல் குவியலிலேயே இருந்த ரெபேக்காள் எழுந்து வந்து, "அங்கன கெடத்தாதீக ஸார். காத்து இல்லாத அன்னைக்கு அங்கன மாடன் இருப்பான்" என்றாள். "என்ன ரெபேக்கா, உங்க சபையிலயும் மாடனச் சேத்தாச்சா?" என்று நான் சிரித்தேன். படித்தவர் சிரித்ததும் அவளும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிள்ளையை எடுத்த அன்று முப்பிடாதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கிடத்தியது யார் என்று கேட்டாள். "நான் பாக்கலம்மா" என்றாள் ரெபேக்காள். என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வருடம், காலையில் விளக்கை இறக்கிக்கொண்டு, என்னைப் பார்த்தால் சாக்கை இழுத்து மூடிக்கொண்டு, மரியாதையாக எழுந்து நின்றாள். மற்றப் பத்தொன்பது பேரும் என்னைச் சாதாரணமாகத்தான் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

முப்பிடாதி மாஜிஸ்ட்ரேட் கச்சேரி வாசலில் நிற்கிறாள் என்று கான்ஸ்டபிள் சொன்னார். முதல் தாள்களை எல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டலாம். இந்தக் கடைசித் தாளை மட்டும் வேண்டாம். குற்றாலிங்கத்தைப் பிடித்ததும் ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி அவளிடம் சொல்லச் சொல்லுங்கள், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும்.